முகவரிச் சீட்டு மட்டும் போதாது: குடிநோயிலிருந்து மீண்ட ஒருவர் ஏ.ஏ. குழுவைச் சென்றடைந்த வழி – நிகழ்வு ஆய்வு

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள். படிப்பு எட்டாம் வகுப்பு. முதலில் குடித்தது 19 வயதில். ஒன்பது ஆண்டுகளாகக் குடிக்காத நாள் என்று ஒன்று, மாலை போடும் கார்த்திகை மாதத்தையும் ஒரு மையத்தில் அடைபட்டிருந்த 90 நாளையும் தவிர, இல்லை. இந்த விவரங்கள் ஒரே ஆளுடையவை அல்ல. யாருடைய அடையாளமும் வெளியே தெரியக் கூடாது. அதோடு, ஒரே மாதிரியான தடைகளில்தான் பலரும் மாட்டுகிறார்கள். எனவே பலருடைய வழிகளைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து குடியை நிறுத்தியவர், கையில் ஏ.ஏ. (குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் அமைப்பு) குழுவின் முகவரி இருந்தும் ஏன் அங்கே போகவில்லை? பிறகு எப்படிப் போனார்? இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கிறோம். உள்ளூரில் குழு தேடும் குடும்பங்களுக்கும், குழுவுக்கு ஆள் அனுப்பும் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

குடியின் அளவு

"எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்டால் வரும் பதில் "கொஞ்சம்தாங்க". பாட்டில் கணக்கில் கேட்டால்தான் உண்மை வெளிவரும். இவர் கணக்கு நாளுக்கு ஒரு ஆஃப், அதாவது 360 மி.லி. பிராந்தி. 42.8 சதவீத மதுவில் 180 மி.லி. குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 10 கிராம் அளவில் பார்த்தால் குவார்ட்டருக்கு ஆறு அளவு, இவருக்கு நாளுக்குப் பன்னிரண்டு.

அளவைவிட நேரம் இன்னும் அதிகம் சொல்லும். இவர் காலை ஆறு மணிக்கு 90 மி.லி. கட்டிங் அடிப்பார். அது இல்லாவிட்டால் கை நடுங்கும், வெல்டிங் ராடு நிற்காது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. காலையில் குடிப்பவர் அதை முந்தின இரவே எடுத்து ஒளித்து வைத்திருப்பார், இல்லாவிட்டால் கூடுதல் காசு கொடுத்து எங்கோ வாங்கியிருப்பார். காலைக் குடி என்று தெரிந்துவிட்டால் வீட்டில் வைத்து நிறுத்தும் யோசனையையே கைவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தில் மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தான குடி, 20 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் சார்புநிலை, அதாவது குடியில்லாமல் இருக்க முடியாத நிலை. இவருக்கு 29.

மாலை, பொடி, வண்டி

ஆஸ்பத்திரிக்கு வருமுன் குடும்பம் மூன்று வழிகளில் முயன்றிருந்தது. ஒவ்வொன்றும் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது.

முதலாவது, ஐயப்பனுக்கு மாலை. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து போட்டார். போட்ட நாட்களில் ஒரு சொட்டும் தொடவில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தார். "சாமிக்குப் பயந்து இருக்கத் தெரியுதே, பெண்டாட்டி பிள்ளைக்காக இருக்க முடியாதா? எல்லாம் திமிர்" என்பது வீட்டாரின் முடிவு. எங்கள் முடிவு இதற்கு நேரெதிர். மாலை போட்டவருக்கு ஒரு குருசாமி இருக்கிறார். குடிக்கும் நேரமான மாலைப் பொழுதில் பஜனை இருக்கிறது. சக சாமிகள் இருக்கிறார்கள். கறுப்பு வேட்டியைப் பார்த்த யாரும் "ஒரு ரவுண்டு வர்றியா" என்று கூப்பிடுவதில்லை. பேரைச் சொல்லித் திட்டிய ஊர் "சாமி" என்று அழைக்கிறது. ஒரு துணைக்குழு தர வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன, மாலையைக் கழற்றிய நொடியில் அனைத்தும் போய்விடுகின்றன. ஆகவே மாலையோடு மட்டும் நிறுத்த முடிந்தவரைப் பற்றி நாம் குறித்துக்கொள்ள வேண்டியது: இவர் கூட்டத்தோடு இருந்தால் நிற்கக்கூடியவர். ஆண்டு முழுவதும் கலையாத ஒரு கூட்டம் இவருக்கு வேண்டும். (காலைக் குடி உள்ளவர்கள் மாலை போடுமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் இல்லாத உருவம் தெரிவது, ஆள் அடையாளம் குழம்புவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.)

இரண்டாவது, சாப்பாட்டில் தெரியாமல் கலந்த பொடி. இப்படி விற்கும் பொடிகளில் டைசல்ஃபிரம் இருக்க வாய்ப்புண்டு. அது மருத்துவர் எழுதித் தந்து, குடிப்பவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. குடித்த 12 மணி நேரத்துக்குள் தரக் கூடாது. மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை மது பட்டால் முகம் சிவப்பது, படபடப்பு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று எதிர்வினை வரலாம். இதய நோய் இருப்பவர் இறந்தே போகலாம். உடல் ஆபத்து ஒருபுறம் இருக்க, பொடி பிடிபட்ட நாளிலிருந்து இவர் வீட்டுச் சாப்பாட்டை நம்பவில்லை. மனைவி சொல்லும் எந்த யோசனையையும் கேட்கும் நிலையிலும் இல்லை.

மூன்றாவது, வண்டி அனுப்பித் தூக்கிச் சென்ற ஒரு தனியார் மையம். 90 நாள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த வாரமே குடித்தார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது தொடர்பான மனநிலைப் பாதிப்பையும் மனநோய் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்கச் சட்டம் தனி வழிமுறை வைத்திருக்கிறது. தகுதியுள்ளவர்களின் பரிசோதனை இல்லாமல் ஆளைத் தூக்கிப் போவது அதில் அடங்காது. மையத்தில் சேர்க்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

பத்து நாள்

நான்காம் முறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ். வரிசை மாறினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதால்தான் "குடிச்சுட்டுத் தளர்ந்து கிடக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருமுனை கிளினிக்கில் கேட்பது தவறு. நடுக்கத்துக்கு குளோர்டயஸபாக்சைடு, நாள்தோறும் அளவைக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்தப்பட்டது. பத்தாம் நாள் வீடு திரும்பினார். உடலுக்கு வேண்டியது இத்துடன் பெருமளவு முடிந்தது, மற்றதெல்லாம் இனிமேல்தான்.

சீட்டு ஏன் வேலை செய்யவில்லை

கிளம்பும்போது ஆலோசகர் ஒரு தாளில் ஏ.ஏ. கூட்டத்தின் முகவரியும் கிழமையும் எழுதிக் கொடுத்தார். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் அமைப்பு. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, ஊர், சாதி கேட்பது கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

இவர் போகவில்லை. இல்லை, ஒருமுறை போனார். 50 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இறங்கியபோது கதவு பூட்டியிருந்தது. அந்தக் கூட்டம் வேறு அறைக்கு மாறிவிட்டிருந்தது, தாளில் இருந்தது பழைய முகவரி. எதிரில் பார் இருந்தது. அன்று குடிக்காமல் திரும்பினார் என்பதைக் குடும்பம் கவனிக்கவே இல்லை. "போகச் சொன்னாங்க, போகல" என்றுதான் பதிவானது.

பிறகு உட்கார்ந்து பேசியபோது ஒவ்வொன்றாக வெளிவந்தன. பட்டறை வேலை முடிவது ஏழு மணிக்கு, கூட்டம் தொடங்குவது ஆறரைக்கு. கூட்டம் சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். (பல ஊர்களில் சர்ச், பள்ளி அறைகள் வாடகைக்குக் கிடைப்பதால்தான் அங்கே நடக்கிறது, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் வருகிறார்கள்.) படித்தவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள் என்று இவர் நினைத்தார். பட்டறை முதலாளிக்குத் தெரிந்த யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேல், பத்துப் பேர் முன் எழுந்து நின்று என்ன பேசுவது என்ற திகில். தாளில் இவற்றில் எதற்கும் பதில் இல்லை.

1981-இல் சிஸ்ஸன், மல்லம்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு சிறியது, ஆனால் இந்த இடத்தில் மிகவும் பொருந்தும். சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேருக்கு வழக்கம்போல் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லி "போங்கள்" என்றார்கள். மற்றப் பத்துப் பேருக்கு, ஆலோசகரின் அறையில் இருக்கும்போதே ஒரு உறுப்பினருக்குப் போன் போட்டுப் பேச வைத்தார்கள். அந்த உறுப்பினரே வந்து அழைத்துப் போக முன்வந்தார். முதல் பத்தில் ஒருவரும் போகவில்லை. இரண்டாவது பத்தில் எல்லாரும் போனார்கள். முகவரி தருவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் இதைத் தன் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

இரண்டாம் முறை

இம்முறை தேடும் வேலையை மைத்துனர் எடுத்துக்கொண்டார். மனநலப் பிரிவின் ஆலோசகரிடம் தற்போதைய நேரத்தைக் கேட்டார். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446-இல் பக்கத்து மையங்களை விசாரித்தார். மனநல உதவிக்கான 14416-இல் தமிழில் பேச முடிகிறது. தற்கொலை எண்ணம், கடும் மனச்சோர்வு இருந்தால் முதலில் கூப்பிட வேண்டிய எண் அதுதான். ஏ.ஏ.வின் கூட்டப் பட்டியலில் இருந்த தொடர்பு எண்ணையும் எடுத்தார். ஒரே ஒரு இடத்தில் கிடைத்த தகவலை நம்பவில்லை. கூட்டம் நடக்கும் நாளன்று காலை மறுபடி போன் செய்து உறுதி செய்தார். பட்டியல்கள் பழசாகிவிடும், அறை மாறிவிடும், பண்டிகை நாளில் கூட்டம் இருக்காது. முதல் பயணத்தில் பூட்டிய கதவைப் பார்த்தவர் இரண்டாவது முறை கிளம்புவது அரிது.

போனில் அவர் கேட்டவை இவ்வளவுதான்: தமிழிலா நடக்கிறது? குடிநோயாளிகள் மட்டும் வரும் மூடிய கூட்டமா, குடும்பத்தாரும் வரலாமா? எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் கிடைக்குமா? பஸ் ஸ்டாண்டில் யார் வந்து நிற்பார்? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

பிறகு போனை இவரிடமே கொடுத்தார். இவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, குடிச்சுட்டு வந்தா உள்ள விடுவீங்களா?" மறுமுனையில் இருந்த பெரியவர், "வாங்க தம்பி. குடிச்சிருந்தா பேச வேண்டாம், உக்காந்து கேளுங்க போதும். நானும் அப்படித்தான் வந்தேன்" என்றார். பஸ் ஸ்டாண்டில் அவரே வந்து நின்றார்.

முதல் கூட்டம் ஒன்றரை மணி நேரம். முதலில் அமைப்பைப் பற்றி ஒரு சிறு வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் பகிர்தல். பேர் மட்டும் சொல்லி, தன் குடியைப் பற்றியும் குடியில்லாத நாட்களைப் பற்றியும் பேசுவார்கள். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, யோசனை சொல்வதில்லை. முறை வரும்போது "இன்னிக்கு நான் கேட்டுக்கறேங்க" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். வாடகைக்கும் டீக்கும் ஒரு பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. முடிந்ததும் டீ. பலருக்கு முதல் உண்மையான பேச்சு அந்த டீ நேரத்தில்தான் நடக்கிறது, ஆகவே பஸ்ஸுக்கு ஓடாமல் அந்தக் கால் மணி நேரம் இருக்க ஏற்பாடு செய்து வையுங்கள். இவர் அன்று பேசவில்லை. இரண்டு போன் எண்களோடு திரும்பினார்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஒரு குழுவில் ஒரே ஆள் முக்கால் மணி நேரம் பேசுவார்; இன்னொன்றில் எல்லாரும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். குறைந்தது நான்கைந்து கூட்டம், முடிந்தால் வேறு வேறு குழுக்களில், பார்த்த பிறகே "இது நமக்கு ஒத்துவருமா" என்று கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்திடு" என்று சில மூத்த உறுப்பினர்கள் சொல்வதுண்டு. ஏ.ஏ.வின் சொந்த வழிகாட்டுதலே உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. மருந்து மருத்துவரோடு, குழு குழுவோடு.

குழுவுக்குப் போவதால் உண்மையில் பயனுண்டா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு, ஏ.ஏ.வோடு முறையாக இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டில் முழுக்கக் குடிக்காமல் இருந்ததாகவும், மற்றச் சிகிச்சைகளில் இது 35 சதவீதம் என்றும் கண்டது. பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு பக்கமும் குடித்திருக்கிறார்கள். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் போதைப் பயன்பாடு பற்றி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்குச் சார்பானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். காசில்லாமல் வாரந்தோறும் கிடைக்கும் ஒன்றை ஒதுக்கும் நிலையில் நாம் இல்லை.

தூரமும் சனிக்கிழமையும்

முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.வில் வழங்கும் ஆலோசனை. பெருநகரத்தில் முடியும். வாரம் ஒரு கூட்டம், அதுவும் 50 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் முடியாது. இதைச் சொல்லிச் சொல்லியே மூன்றாம் வாரம் மனம் தளர்ந்தார். மாற்று ஏற்பாடு இப்படி அமைந்தது: வாரம் ஒரு முறை நேரில், தமிழில் நடக்கும் ஆன்லைன் கூட்டம் வாரம் மூன்று முறை, தினமும் மாலை ஆறே முக்காலுக்கு, பட்டறையிலிருந்து கிளம்புமுன், அந்தப் பெரியவருக்கு ஒரு போன். ஆசை வந்த பிறகு போன் செய்வது என்பது நடப்பதில்லை. வருகிற நேரத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

பட்டறைகளில் சம்பளம் சனிக்கிழமை. கையில் காசு, மறுநாள் லீவு, கூட்டாளிகள். இவருடைய பழைய கதைகளில் மோசமானவை எல்லாம் சனிக்கிழமை இரவுகள். முதலாளியிடம் பேசிக் கூலியை மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றினார்கள். ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் எங்குமே இல்லை.

எட்டாம் மாதம், அதே வட்டாரத்திலிருந்து அந்த 50 கிலோமீட்டர் தூரக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவரும் இவரும் சேர்ந்து ஊரிலேயே சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கினார்கள். இரண்டு பேர் போதுமா என்று தயங்கினார்கள். இந்த அமைப்பே இரண்டு பேரில் தொடங்கியதுதான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், வியாபாரம் தோற்ற பில் வில்சன், ஓட்டல் முகப்பில் பாருக்குப் போகாமல், இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று சர்ச்களுக்குப் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு டியூஷன் சென்டரின் அறை வாடகைக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் தவறியவை: அறைக்குப் போகும் வழியில் பார், இரண்டாம் மாதம் அறையை மாற்ற வேண்டி வந்தது. ஒரு உள்ளூர்ப் பிரமுகர் மொத்த வாடகையையும் தருகிறேன் என்றார்; வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு, மறுத்தார்கள். ஒருவர் கூட்டத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார், அதற்குப் பிறகு இரண்டு பேர் வரவே இல்லை; இப்போது போன்கள் வாசல் மேசையில். உறுப்பினர்களுக்குள் கைமாற்றுக் கடன் ஒரு நட்பை முறித்தது. சாவி ஒருவரிடம் மட்டும் இருந்ததால் ஒரு சனிக்கிழமை கதவு திறக்கவில்லை. இப்போது இருவரிடம். பல வாரங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் நேரத்தை மாற்றவில்லை, அதனால்தான் அரசு மருத்துவமனை ஆலோசகர் துணிந்து ஆட்களை அனுப்பினார்.

சறுக்கல்

இதற்கு முன், ஐந்தாம் மாதம், சித்தப்பாவின் சாவு. சாவு வீட்டில் எல்லாருக்கும் பாட்டில் வருவது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்று நாள் குடித்தார். கல்யாணம், ஆயுத பூஜை எல்லாவற்றுக்கும் முன்யோசனை இருந்தது, சாவுக்கு இல்லை. மூன்றாம் நாள் இரவு மனைவி அந்தப் பெரியவருக்குப் போன் செய்தார். மறுநாள் காலை இருவரும் இவரை மனநலப் பிரிவுக்கே அழைத்துப் போனார்கள். தொடர்ந்து குடித்த பிறகு வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது என்பது அதற்குள் இவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் இவர் முதன்முறையாக முழுதாகப் பேசினார். குடிக்காத நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, யாரும் கண்டிக்கவில்லை. இப்போது சாவுச் செய்தி வந்தால் குழுவிலிருந்து ஒருவர் கூடவே போகிறார், எடுப்பு முடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுகிறார்கள்.

மனைவிக்கான குழு

குடிப்பவரின் குடும்பத்தாருக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. மனைவி அதன் தமிழ்க் கூட்டத்தில் ஆன்லைனில் சேர்ந்தார். அங்கே அவர் கற்றதை இரண்டு செயல்களில் சொல்லிவிடலாம்: முதலாளிக்குப் போன் போட்டு "காய்ச்சல்ங்க" என்று பொய் சொல்வதை நிறுத்தினார், சட்டைப்பையையும் பீரோவையும் சோதிப்பதை நிறுத்தினார். கணவர் மூன்று நாள் குடித்தபோதும் தன் கூட்டத்தை விடவில்லை. கணவர் நின்றால்தான் தானும் போவேன் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி சேரலாம், பிள்ளைகளையும் வயதுக்கேற்ற குழுவில் சேர்க்கலாம்.

இந்த ஊர்க் குழுவுக்கு இதுவரை ஒரு பெண் குடிநோயாளிகூட வரவில்லை. இருவர் போன் செய்தார்கள், வருகிறவர்கள் ஆண்கள் மட்டும் என்று தெரிந்ததும் நின்றுகொண்டார்கள். குழுவினர் அவர்களுக்குப் பெண்களுக்கான ஆன்லைன் கூட்டங்களின் தொடர்பைக் கொடுத்தார்கள், இம்முறை தாளில் எழுதித் தராமல், அங்கிருந்து ஒரு பெண் உறுப்பினரே திரும்ப அழைக்குமாறு ஏற்பாடு செய்து.